இல்லாத கோபுரம், இருக்கும் அட்டை: 1908 முத்திரை கொண்ட ஒரு வெனிஸ் அஞ்சலட்டை

வெனிஸ் நகரின் சான் மார்க்கோ மணிக்கோபுரம் 1902 ஜூலை 14 அன்று காலையில் இடிந்து விழுந்தது. மீண்டும் எழுப்பப்பட்டுத் திறப்பு விழா கண்டது 1912 ஏப்ரல் 25 அன்று. இடைப்பட்ட ஏறத்தாழப் பத்து ஆண்டுகள் அந்த இடத்தில் கோபுரம் இல்லை. இந்த ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட பட அஞ்சலட்டையில் கோபுரம் முழுதாக நிற்கிறது. பின்புறம் குத்தியிருக்கும் அஞ்சல் முத்திரையோ 1908 செப்டம்பர் என்கிறது.

பழைய ஆல்பம் ஒன்றைப் பிரித்து விற்ற வியாபாரியிடமிருந்து கிடைத்த அட்டை இது. பின்புறத்து மூலையில் அவர் பென்சிலால் '1902க்கு முன்' என்று எழுதியிருந்தார். கோபுரம் நிற்கிறது, ஆகவே விழுவதற்கு முந்தையது என்பது அவர் கணக்கு. இதைப் பார்த்த இன்னொரு சேகரிப்பாளர் நேர் எதிராகச் சொன்னார்: 1908இல் கோபுரம் இல்லை, ஆகவே முத்திரை போலி. இருவரும் அனுபவமுள்ளவர்கள், இருவர் சொல்வதிலும் தர்க்கம் இருக்கிறது. ஆனால் இருவரும் அட்டைக்கு ஒரே ஒரு தேதிதான் இருக்க முடியும் என்று வைத்துக்கொண்டு பேசுகிறார்கள். பயன்படுத்தப்பட்ட எந்தப் பட அஞ்சலட்டைக்கும் தேதிகள் மூன்று. படம் எடுக்கப்பட்ட காலம், அட்டை அச்சான காலம், அஞ்சலில் சேர்க்கப்பட்ட காலம். இவை ஒரே ஆண்டில் அமைவதும் உண்டு, இருபது ஆண்டுகள் விலகி நிற்பதும் உண்டு. சேகரிப்பாளர்களிடையே நடக்கும் சண்டைகளில் பாதி, ஒருவர் ஒரு தேதியையும் மற்றவர் வேறொன்றையும் மனத்தில் வைத்துக்கொண்டு பேசுவதால் வருவது.

அட்டையின் நிலை

அளவு 9 செ.மீ. × 14 செ.மீ.; அக்கால வழக்கமான அளவுதான். முன்புறம் முழுவதும் வண்ணப் படம், ஓரங்களில் வெள்ளை விளிம்பு இல்லை. கடல் முகப்பிலிருந்து வடக்கு நோக்கிப் பார்க்கும் காட்சி: இடப்புறம் மார்க்கோ நூலகம், அதன் பின்னால் கோபுரம், கோபுரத்தின் அடியில் சான்சொவீனோ வடிவமைத்த லொஜ்ஜெத்தா என்னும் சிறு மண்டபம், வலப்புறம் கோமகன் அரண்மனை, நடுவில் தூரத்தில் கடிகாரக் கோபுரம். கற்தளத்தில் சிலர் நடக்கிறார்கள். இரண்டு பெண்கள் குடை பிடித்திருக்கிறார்கள். கீழே சிவப்பு எழுத்தில் இடத்தின் பெயரும் ஓர் எண்ணும் இருக்கின்றன. வெளியீட்டாளர் பெயர் எங்கும் இல்லை.

பின்புறத்தில் 'கார்த்தோலினா போஸ்தாலே' (அஞ்சலட்டை) என்ற இத்தாலியத் தலைப்பு. நடுவில் செங்குத்துக் கோடு: வலப்பக்கம் முகவரி, இடப்பக்கம் செய்தி. பத்து செந்தெசிமோ (நூறு செந்தெசிமோ ஒரு லிரா, அன்றைய இத்தாலிய நாணயம்) மதிப்புள்ள சிவப்புத் தபால்தலை, இங்கிலாந்து முகவரி, வெனிஸ் முத்திரை. செய்தியில் வெயில், வயிற்று உபாதை, அடுத்த வாரம் திரும்புவது பற்றிய சொற்கள். கோபுரத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. ஆனால் முன்புறத்தில் கோபுர உச்சியின் தேவதை உருவத்துக்குச் சற்று மேலே மையால் ஒரு சிறு பெருக்கல் குறி இருக்கிறது. அதைப் பற்றிப் பிறகு.

நான்கு மூலைகளிலும் முக்கோண வடிவில் காகிதம் சற்று வெளிறாமல் இருக்கிறது. பசை போடாமல், மூலைகளைச் செருகும் வெட்டுள்ள ஆல்பத்தில் பல காலம் இருந்ததன் தடம் அது. ஆல்பத்தில் இதற்கு முன்னும் பின்னும் என்னென்ன அட்டைகள் இருந்தன என்பது தெரிந்திருந்தால் இந்த ஆய்வில் பாதி வேலை மிச்சமாகியிருக்கும். ஒரே பயணத்தில் அனுப்பிய அட்டைகள் பெரும்பாலும் அடுத்தடுத்த பக்கங்களில்தான் செருகப்பட்டிருக்கும். ஆல்பத்தைப் பிரித்து விற்பதில் லாபம் இருக்கலாம், சாட்சி போய்விடுகிறது. வாங்குபவர்கள் ஆல்பம் முழுதாகக் கிடைத்தால் பிரிப்பதற்கு முன் ஒவ்வொரு பக்கத்தையும் படம் எடுத்து வைத்துவிட வேண்டும் என்று எத்தனை முறை சொன்னாலும் தகும்.

படம் மட்டும் போதாது

கோபுரத்தைப் பார்த்தே பழையதா புதியதா என்று சொல்லிவிடலாமே என்று தோன்றும். வெனிஸ் விஷயத்தில் அது எளிதல்ல. கோபுரம் விழுந்த அன்று மாலையே நகர மன்றம் கூடி மறுகட்டுமானத்துக்கு 5,00,000 லிரா ஒதுக்கியது. 'இருந்தபடியே, இருந்த இடத்திலேயே' என்பது அன்றைய முழக்கம். 1903 ஏப்ரல் 25 அன்று அடிக்கல் நாட்டப்பட்டது. 98 மீட்டருக்கும் அதிகமான உயரத்தில், பழையதைப் போலவே தோன்ற வேண்டும் என்ற நோக்கத்துடனேயே புதியது எழுந்தது. அஞ்சலட்டையில் கட்டைவிரல் நீளத்துக்குச் சுருங்கிய கோபுரத்தைப் பார்த்து வித்தியாசம் சொல்வது வீண் துணிச்சல். அதிலும் அன்றைய வண்ண அட்டைகளில் படம் பலர் கைபட்ட பிறகே வெளிவந்தது. புகைப்படக்காரர் கறுப்பு வெள்ளையில் எடுப்பார். வெளியீட்டாளர் அதைப் பெரும்பாலும் ஜெர்மனியிலுள்ள அச்சகத்துக்கு அனுப்புவார். அங்கே அந்த ஊரையே பார்த்திராத ஒருவர், கூடவே வந்த குறிப்பை வைத்து வானத்துக்கும் சுவருக்கும் நிறம் ஏற்றுவார். வேண்டாத மனிதர்களை அழிப்பார், வேண்டுமென்றால் படகைச் சேர்ப்பார். ஒரே படத்துக்கு நீலச் சாயம் பூசி, சன்னல்களில் மஞ்சள் வைத்து, ஒரு முழு நிலவையும் ஒட்டிவிட்டால் 'நிலவொளியில்' என்று இன்னொரு அட்டை தயார். வடக்கு நோக்கிய காட்சிகளிலும் கூசாமல் நிலவைத் தொங்கவிட்டிருப்பார்கள். வெனிஸ் இருக்கும் அட்சரேகையில் நிலவு அந்தத் திசையில் அப்படி நிற்காது.

ஆனாலும் படத்தில் ஒரு பிடி கிடைக்கிறது. குடை பிடித்த இரு பெண்களின் உடையில் தோளருகே பெரிதாக உப்பி, முழங்கைக்குக் கீழே ஒடுங்கும் கைகள். இந்தப் பாணி 1890களின் நடுவில் உச்சத்தில் இருந்து, பத்தாண்டின் இறுதிக்குள் சுருங்கிவிட்டது. வண்ணம் ஏற்றியவர் சட்டைக்கு நிறத்தை மாற்றலாம். பத்து ஆண்டு பழைய பாணியை வேண்டுமென்றே வரைந்து வைக்க அவருக்குக் காரணம் இல்லை. ஆகவே புகைப்படம் எடுக்கப்பட்டது ஏறத்தாழ 1890களின் நடுப்பகுதி. உடைப் பாணியை வைத்துச் சொல்லும் காலம் தோராயமானதுதான். வசதி குறைந்தவர்களும் முதியவர்களும் பழைய உடையைப் பல ஆண்டுகள் உடுத்துவார்கள். எனினும் இங்கே நமக்குத் தேவையானது துல்லியமான ஆண்டு அல்ல. படம் கோபுரம் விழுவதற்கு முந்தையது என்பது போதும்; அது உறுதி.

வியாபாரி சொன்னதில் உண்மை இருக்கிறது என்று இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். படம் 1902க்கு முந்தையதே. ஆனால் அவர் விற்றது படத்தை அல்ல, அட்டையை.

அச்சு எப்போது

முதலில் தள்ள வேண்டியது அண்மைக்கால மறுபதிப்பு என்ற சாத்தியம். பழைய அட்டைகளை ஸ்கேன் செய்து, முத்திரை, கையெழுத்து எல்லாம் சேர்த்து அச்சடித்து விற்பது இன்று பரவலாக நடக்கிறது. பத்து மடங்கு பெருக்கும் லென்ஸ் ஒன்றே இதற்குப் போதும். நவீன நால்வண்ண ஆஃப்செட் அச்சில் நான்கு நிறப் புள்ளிகள் சிறு ரோஜா வடிவங்களாகப் படம் முழுவதும் ஒரே சீராகப் பரவியிருக்கும். கையெழுத்தின் கோட்டுக்குள்ளும் அதே புள்ளிகள் தெரியும். இந்த அட்டையில் கையெழுத்து புள்ளியில்லாத மை, காகித இழைகளுக்குள் ஊறி ஓரங்களில் பழுப்பேறியது. முன்புறப் படத்தில் கறுப்பு மட்டும் ஒழுங்கான புள்ளி வலையாக, அதாவது ஹாஃப்டோனாக இருக்கிறது. அதன் மேல் நீலமும் இளஞ்சிவப்பும் மஞ்சளும் ஒழுங்கில்லாத பொட்டுகளாகவும் தட்டையான பூச்சுகளாகவும் கல்லச்சு முறையில் ஏற்றப்பட்டிருக்கின்றன. கோபுரத்தின் வலப்பக்க ஓரத்தில் இளஞ்சிவப்பு சற்று விலகி வானத்துக்குள் வழிகிறது. நிறத்துக்கு ஒரு கல்லோ தகடோ வைத்து, ஒவ்வொன்றாக அச்சடித்தபோது பொருத்தம் பிசகியதன் அடையாளம் அது.

இந்தக் கலப்பு முறை 20ஆம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டுகளில் மிகச் சாதாரணம். வேறு முறைகளும் அப்போது அருகருகே புழங்கின; லென்ஸின் கீழ் அவை ஒன்றோடொன்று குழம்புவதில்லை. ஜெலட்டின் படலத்திலிருந்து அச்சிடும் கொலோடைப் முறையில் புள்ளிகளே இருக்காது, ஜெலட்டின் சுருங்கி உண்டான நுண்ணிய புழு நெளிவுகள் இருக்கும். முழுக் கல்லச்சு வண்ண அட்டைகளில் எல்லா நிறங்களுமே ஒழுங்கற்ற பொட்டுகள். ஊர்ப் பெயரோடு 'குரூஸ் அவுஸ்' (ஜெர்மன் மொழியில் 'இந்த ஊரிலிருந்து வாழ்த்து') என்று அச்சிட்ட 1890களின் அட்டைகள் பல இவ்வகை. உண்மையான புகைப்படத் தாளில் எடுத்த அட்டைகளில் எவ்வளவு பெருக்கினாலும் புள்ளியோ நெளிவோ தெரியாது, சாம்பல் நிறம் வழுவழுவென்று மாறும். அவற்றுக்குப் பின்புறத்தில் தபால்தலைக் கட்டத்தைப் பார்க்க வேண்டும். உதாரணமாக அமெரிக்க 'அஸோ' தாளில் கட்டத்தின் நான்கு மூலை முக்கோணங்களும் மேல்நோக்கியிருந்தால் ஏறத்தாழ 1904 முதல் 1918 வரையிலான தயாரிப்பு. இரண்டு மேல்நோக்கியும் இரண்டு கீழ்நோக்கியும் இருந்தால் அதற்குப் பிந்தையது.

புற ஊதா விளக்குச் சோதனையும் செய்யப்பட்டது. காகிதத்துக்கு வெண்மை கூட்டும் ஒளிர் வேதிப்பொருள்கள் 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்தே பெருவழக்காயின. அவை கலந்த காகிதம் புற ஊதா ஒளியில் நீல வெண்மையாக மின்னும். இந்த அட்டை மின்னவில்லை. மங்கிய பழுப்பாகவே இருந்தது. இந்தச் சோதனையை ஒரு திசையில் மட்டுமே நம்ப வேண்டும். மின்னினால் பெரும்பாலும் புதிய காகிதம். மின்னவில்லை என்பதால் மட்டும் பழையதாகிவிடாது. வெண்மையூட்டி சேர்க்காத காகிதம் இன்றும் தயாராகிறது.

இனிதான் முக்கியமான சாட்சி: பின்புறத்தின் நடுக்கோடு.

தொடக்கத்தில் அஞ்சலட்டையின் ஒரு பக்கம் முழுக்க முகவரிக்கே உரியது. 1869 அக்டோபர் 1 அன்று ஆஸ்திரியா-ஹங்கேரி உலகின் முதல் அஞ்சலட்டையை வெளியிட்டபோது படம் என்ற பேச்சே இல்லை. மறுபக்கம் முழுவதும் எழுதுவதற்கு. பிறகு படங்கள் வந்தபோது எழுதும் இடம் சுருங்கியது. படத்தைச் சுற்றி விட்ட வெள்ளை ஓரத்தில் நெருக்கி எழுதினார்கள். அது போதாதபோது வானத்தின் மேலேயே எழுதினார்கள். முகவரிப் பக்கத்தை இரண்டாகப் பிரித்து இடப்பாதியில் செய்தி எழுத முதலில் அனுமதித்த நாடு பிரிட்டன், 1902 ஜனவரியில். பிரான்ஸ் 1903 இறுதியில், ஜெர்மனி 1905இல், அமெரிக்கா 1907 மார்ச் 1இல் அனுமதித்தன. இத்தாலியிலும் ஜெர்மனியை ஒட்டிய காலத்தில்தான் இந்த மாற்றம் வந்தது. நாடுகளுக்கிடையே செல்லும் அட்டைகளுக்கு 1906இல் ரோம் நகரில் கூடிய உலக அஞ்சல் ஒன்றியத்தின் மாநாடு இதை ஏற்று, 1907 அக்டோபர் 1 முதல் நடைமுறைப்படுத்தியது.

நம் அட்டையில் நடுக்கோடு இருக்கிறது. தலைப்பின் அதே பச்சை மையில், அதே அழுத்தத்தில், தலைப்போடு சேர்ந்தே அச்சாகியிருக்கிறது. கோடில்லாத பழைய அட்டையில் அனுப்புபவரே பேனாவால் கோடு இழுத்துக்கொண்டதும் நடந்திருப்பதால் இதை உறுதி செய்துகொள்வது அவசியம். முன்புறத்தில் எழுத வெள்ளை இடம் விடாமல் படம் முழுதாகப் பரவியிருப்பதும் இதோடு ஒத்துப்போகிறது. செய்தி பின்புறத்துக்குப் போய்விட்டது என்று தெரிந்த பிறகே ஒரு வெளியீட்டாளர் முன்புறம் முழுவதையும் படத்துக்குக் கொடுப்பார்.

ஒரு சந்து மிச்சம் இருக்கிறது, அதையும் அடைத்துவிட வேண்டும். பிரிட்டனில் 1902 ஜனவரியிலேயே நடுக்கோடு வந்துவிட்டதே. கோபுரம் விழுந்தது ஜூலையில். இடைப்பட்ட ஆறேழு மாதங்களில் பிரிட்டிஷ் வெளியீட்டாளர் ஒருவர் நடுக்கோட்டுடன் வெனிஸ் அட்டையை அச்சிட்டிருக்கக்கூடாதா? கூடும். ஆனால் அப்படியொரு அட்டையின் பின்புறம் ஆங்கிலத்தில் இருக்கும். உள்நாட்டுக்கு மட்டும் என்ற எச்சரிக்கையும் அன்றைய பிரிட்டிஷ் அட்டைகள் பலவற்றில் காணப்படும். இங்கே தலைப்பு இத்தாலியம், வேறு மொழி எதுவும் இல்லை. இத்தாலியச் சந்தைக்காக, இத்தாலியில் நடுக்கோடு ஏற்கப்பட்ட பிறகு அச்சான அட்டை இது. அதாவது கோபுரம் விழுந்து மூன்று ஆண்டுகளாவது கடந்த பிறகு.

பின்புற வகையை வைத்துக் காலம் சொல்பவர்கள் அடிக்கடி மறந்துவிடும் ஒன்றை இங்கே சொல்லிவிடுகிறேன். நடுக்கோடு இருந்தால் 'இதற்கு முந்தையதல்ல' என்று சொல்லலாம். நடுக்கோடு இல்லாவிட்டால் 'இதற்குப் பிந்தையதல்ல' என்று அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியாது. பழைய தாள்களும் தகடுகளும் கையிருப்பில் இருந்த சிறிய அச்சகங்கள் சட்டம் மாறிய மறுநாளே அவற்றைக் குப்பையில் போட்டுவிடவில்லை. விற்பனையாளர்களோ பழைய கையிருப்பை ஆண்டுக்கணக்கில் அடுக்கில் வைத்திருந்தார்கள்.

முத்திரை போலியா

முத்திரையில் நாளும் மாதமும் தெளிவு. ஆண்டின் கடைசி இலக்கம் மட்டும் சற்று நிரம்பிப்போயிருக்கிறது. 8 என்று படிக்கலாம், பிடிவாதக்காரர் 3 என்றும் படிக்கலாம். இதைத் தீர்த்துவைப்பது தபால்தலை. மூன்றாம் விட்டோரியோ இமானுவேலே மன்னரின் தலை உருவம் கொண்ட இந்தப் பத்து செந்தெசிமோ சிவப்புத் தபால்தலை 1906இல் வெளியானது. 1903இல் இதை ஒட்டியிருக்க முடியாது. வெளிநாட்டுக்கு அனுப்பும் அஞ்சலட்டைக்கான கட்டணமும் அதே பத்து செந்தெசிமோதான். தலை, கட்டணம், முகவரி மூன்றும் ஒன்றோடொன்று பொருந்துகின்றன.

அடுத்தது, தலை இந்த அட்டைக்கே உரியதா, வேறெங்கிருந்தோ பெயர்த்து ஒட்டியதா? முத்திரை வட்டத்தின் ஒரு பகுதி தலையிலும் மறுபகுதி அட்டையிலும் விழுந்திருக்கிறது. தலையின் பல்விளிம்பைக் கடக்கும் இடத்தில் கோடு நூலளவும் முறியவில்லை. உலோக முத்திரையை அடிக்கும்போது மை எழுத்தின் ஓரங்களுக்குப் பிதுங்கி ஒரு கரைபோல நிற்கும். லென்ஸில் அது தெரிகிறது. பின்னாளில் ரப்பர் முத்திரையால் போலி செய்பவர்களுக்கு இந்தக் கரை இவ்வளவு கூர்மையாக அமைவது அரிது. முத்திரையின் மை செய்தியின் கடைசி வரியில் ஓர் எழுத்தின் மேலேயும் ஏறியிருக்கிறது. எழுதி முடித்த அட்டையின் மீதுதான் முத்திரை விழுந்திருக்கிறது.

பொருள் சார்ந்த சாட்சிகளுக்குப் பிறகு நோக்கத்தையும் கேட்டுப் பார்க்க வேண்டும். முத்திரைப் போலிகள் உண்டு, ஏராளமாகவே உண்டு. தொடக்ககால விமான அஞ்சல், பலூன் அஞ்சல், மூடப்பட்டுவிட்ட சிறு அஞ்சலகம், பேரழிவு நாளன்று குத்திய முத்திரை இவையெல்லாம் விலையை உயர்த்துவதால் போலி செய்பவர்களை இழுக்கின்றன. வெனிஸின் பெரிய அஞ்சலகத்தில் 1908 செப்டம்பர் மாதத்தில் ஒரு சாதாரண நாளின் முத்திரை யாருக்கும் ஒன்றும் சம்பாதித்துக் கொடுக்காது. 1902 ஜூலை 14 என்று போலி செய்தாலாவது புரிந்துகொள்ளலாம்.

ஆக, முத்திரை உண்மையானது. அட்டை 1908 செப்டம்பரில் வெனிஸில் அஞ்சலில் சேர்க்கப்பட்டது. அதனாலேயே 1912க்குப் பிறகு அச்சானது என்ற சாத்தியமும் விழுந்துவிடுகிறது. படம் 1890களின் நடுப்பகுதி, அச்சு 1905க்கும் 1908க்கும் இடையில், அஞ்சல் 1908. வியாபாரி முதல் தேதியை அட்டையின் தேதியாக்கினார். முத்திரை போலி என்ற சேகரிப்பாளர் மூன்றாவது தேதியைப் படத்தின் தேதியாக்கினார்.

இல்லாத கோபுரத்தை ஏன் அச்சிட்டார்கள்

இந்த ஆய்வில் எனக்குச் சுவையான பகுதி இதுதான். 1905க்குப் பிறகு, கோபுரம் இல்லை என்று உலகமே அறிந்திருந்த நேரத்தில், ஒரு வெளியீட்டாளர் கோபுரத்தோடு கூடிய அட்டையைப் புதிதாக அச்சிட்டு, அதே சதுக்கத்திலேயே விற்றிருக்கிறார். வாங்கியவரும் எதிரே கட்டுமான வேலை நடப்பதைப் பார்த்துக்கொண்டே வாங்கியிருக்கிறார்.

வியாபாரக் காரணம் ஒன்று வெளிப்படை. நல்ல புகைப்படத் தகடும் நிறக் கற்களும் செலவு பிடிப்பவை. இருப்பதைப் பயன்படுத்துவது மலிவு. சட்டம் மாறியபோது பின்புறத்தை மட்டும் புதிதாக அமைத்து, முன்புறத்துக்குப் பழைய தகட்டையே ஏற்றியிருக்கலாம். முன்புறத்தில் கறுப்புப் புள்ளி வலை சில இடங்களில் தேய்ந்து, அரண்மனைத் தூண்களின் நிழலில் நிரவிப்போயிருப்பது, தகடு ஏற்கெனவே நிறைய உழைத்தது என்பதைக் காட்டுகிறது.

அந்த ஆண்டுகளின் தேவையை நினைத்தால் அவசரமும் புரியும். அமெரிக்க அஞ்சல் துறையின் கணக்குப்படி 1908 ஜூன் 30உடன் முடிந்த ஓராண்டில் அந்த நாட்டில் மட்டும் 67,77,77,798 அஞ்சலட்டைகள் அனுப்பப்பட்டன. அப்போது அங்கே மக்கள்தொகை ஒன்பது கோடிக்கும் குறைவு. இவ்வளவு கேட்கும் சந்தைக்கு, இருக்கும் படங்களைத் திரும்பத் திரும்ப அச்சிடாமல் தீனி போட முடியாது.

ஆனால் மலிவு மட்டுமே காரணம் என்றால், கோபுரம் இல்லாத சதுக்கத்தின் அட்டைகளும் விற்றிருக்கின்றனவே? அவையும் உண்டு. இடிபாட்டுக் குவியலைக் காட்டும் அட்டைகள், வேலை நடப்பதைக் காட்டும் அட்டைகள் எல்லாம் அந்தப் பத்தாண்டில் வெளிவந்தன. கோபுரம் சரியும் கணத்தையே பிடித்ததாகச் சொல்லும் அட்டைகூட உண்டு. அது ஒட்டுவேலைப் படம். பார்த்தவர்கள் பலர் இருந்தும், விரிசல் முன்பே தெரிந்து அந்த இடம் காலி செய்யப்பட்டிருந்ததால் மனித உயிர் எதுவும் போகாத நிகழ்வு அது. அந்தக் கணத்தின் உண்மையான புகைப்படம் இல்லாத குறையை அச்சகம் தீர்த்துவைத்தது. இத்தனைக்கும் நடுவில் முழுக் கோபுரமும் விற்றது என்றால், வாங்கியவர்களுக்குத் தாங்கள் பார்த்த வெனிஸை விட, பார்க்க வந்த வெனிஸ் வேண்டியிருந்தது என்றே எடுத்துக்கொள்கிறேன். வீட்டிலிருப்பவருக்கு அனுப்பும் அட்டையில் வேலி கட்டிய கட்டுமான இடத்தையா அனுப்புவார்கள்?

இது வெனிஸோடு நிற்கும் விஷயமல்ல. அதே 1902இல், மே 8 அன்று பெலே எரிமலை மார்ட்டினிக் தீவின் சான் பியேர் நகரத்தை அழித்தது. அழிவுக்கு முந்தைய தெருக்காட்சிகள் அதற்குப் பிறகுதான் மிகுதியாக விற்றன. 1906 ஏப்ரல் 18 நிலநடுக்கத்துக்கு முந்தைய சான்பிரான்சிஸ்கோ, 1908 டிசம்பர் 28க்கு முந்தைய மெஸ்ஸினா கடல்முகப்பு, 1914 ஆகஸ்டில் எரிந்த லூவென் நூலகம் என்று பட்டியல் நீளும். இப்படிப்பட்ட இடங்களின் அட்டையில் கட்டடம் முழுதாக நிற்பதைப் பார்த்ததும் 'அழிவுக்கு முந்தைய அட்டை' என்று கூடுதலாகக் கொடுத்து வாங்குவது சேகரிப்பாளர்கள் மிக எளிதாக விழும் குழி. நடுக்கோட்டையும் தபால்தலையையும் பார்க்காமல் அந்தச் சொல்லை ஏற்கக்கூடாது.

பெருக்கல் குறி

கோபுர உச்சிக்கு மேலே மையில் இட்ட அந்தக் குறி செய்தி எழுதிய அதே மைதான். நிறமும் பழுப்பேறிய விதமும் ஒன்றே. இது விழுந்துவிட்டது என்று அனுப்பியவர் குறித்திருக்கிறார் என்று சொல்ல ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் அன்றைய பயணிகள் அட்டைகளில் பெருக்கல் குறி இடுவது பெரும்பாலும் 'எங்கள் அறை இதுதான்' அல்லது 'இங்கே நின்றேன்' என்று காட்டத்தான். கோபுர உச்சியில் யாரும் தங்கவில்லை, 1908இல் ஏறி நின்றிருக்கவும் முடியாது என்பது உண்மை. எனினும் செய்தியில் ஒரு சொல்கூட இல்லாதபோது குறியின் பொருளை நான் நிரப்ப மாட்டேன். பதிவேட்டில் 'முன்புறத்தில் மையால் பெருக்கல் குறி, செய்தியின் அதே மை' என்று மட்டும் எழுதியிருக்கிறேன்.

பதிவும் பாதுகாப்பும்

என் பதிவேட்டில் ஆண்டு என்ற ஒற்றைக் கட்டம் கிடையாது. படம், அச்சு, அஞ்சல் என மூன்று கட்டங்கள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் எந்தச் சாட்சியை வைத்துச் சொல்கிறேன் என்ற குறிப்பு. அஞ்சலில் போகாத அட்டைக்கு மூன்றாவது கட்டம் காலியாகவே இருக்கும். அதைச் சிலர் குறையாக நினைக்கிறார்கள். எழுதப்படாத, மடியாத அட்டைக்கே சந்தையில் மதிப்பு என்பதும் தெரியும். முத்திரையும் தபால்தலையும் இல்லாமல் இதே அட்டை என் கைக்கு வந்திருந்தால் அச்சுக் காலத்தின் மேல் எல்லையை என்னால் கட்டியிருக்கவே முடியாது. பயன்படுத்தப்பட்ட அட்டையையே நான் விரும்புவதற்கு இதுவே காரணம்.

வியாபாரியின் பென்சில் குறிப்பை அழிக்கவில்லை. தவறான குறிப்பும் அட்டை கடந்து வந்த வழியைச் சொல்கிறது. ரப்பர் வைத்துத் தேய்த்தால் நூறாண்டுக் காகிதத்தின் மேற்பரப்பு எழுந்துவிடும். அட்டை இப்போது பாலியெஸ்டர் உறையில், வெளிச்சம் படாத பெட்டியில் இருக்கிறது. பி.வி.சி. உறைகளைத் தவிர்க்க வேண்டும். அவற்றிலிருந்து கசியும் பொருள் நாளடைவில் மையையும் காகிதத்தையும் கெடுக்கும். லாமினேட் செய்வதைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

முடிவை உறுதிப்படுத்தவோ புரட்டிப்போடவோ கூடியது ஒன்று உண்டு, அதைத் தேடிக்கொண்டிருக்கிறேன். முன்புறத்தில் இதே எண்ணும் இதே தலைப்பும் கொண்ட, பின்புறத்தில் நடுக்கோடு இல்லாத படி. அது கிடைத்து, அதில் 1902 ஜூலைக்கு முந்தைய முத்திரையும் இருந்தால், பழைய தகடு பின்புறம் மாறி மீண்டும் அச்சானது என்பது ஊகம் என்ற நிலையைத் தாண்டும். கறுப்புப் புள்ளி வலையின் தேய்மானத்தை இரண்டிலும் பக்கத்தில் வைத்து ஒப்பிடலாம். மாறாக, கோடில்லாத படியில் தேய்மானம் இதைவிடக் கூடுதலாக இருந்தால், கோடில்லாத பழைய தாளில் பிற்காலத்தில் அச்சடித்தார்கள் என்று பொருள். அச்சுக் காலத்தைப் பற்றி மேலே சொன்ன வரிசையையும் தேய்மானத்திலிருந்து எடுத்த முடிவையும் மறுபடி போட்டுப் பார்க்க வேண்டியிருக்கும்.